பூட்டு முன்னால், தடம் பின்னால்

வெலிங்டன்,
நீலகிரி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய கோட் முழுவதையும் படித்துவிட்டேன். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு ஆயிரம் தலைப்புகள் இருக்க, தேயிலைத் தொழிற்சாலையின் இலைக் கணக்கை எடுத்துக்கொண்டாயே, அதில் எனக்குப் பெரிய சந்தோஷம். வெலிங்டனைச் சுற்றி, குன்னூர், கோத்தகிரி பக்கமெல்லாம், ஒரு ஏக்கரும் அரை ஏக்கரும் வைத்துக்கொண்டு பசுந்தேயிலை பறித்துக் கொடுக்கிற குடும்பங்களுக்கு அந்த மாதக் கணக்குதான் அடுப்பு எரிகிற கணக்கு. சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள், மழை ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், போன மாதம் வாங்கிய உரத்துக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் பார்ப்பார்கள். பார்க்கவும் வேண்டும். அதனால் மதிப்பெண்ணோடு முடிந்துபோகிற வேலையாக நினைக்காமல், நாளைக்கே ஒரு தொழிற்சாலையில் ஓடப்போகிற புரோகிராம் என்று எண்ணியே படித்தேன்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "மிக்ஸின் போட்டால் கோட் குறையும் என்று புத்தகம் சொல்கிறது. மிக்ஸின் பக்கமே போகாதே, காம்பொசிஷன் போதும் என்று சீனியர் சொல்கிறார். நான் யார் பேச்சைக் கேட்க, அத்தை?" என்று. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிக்ஸின் மிக நல்ல கருவி, அது சின்னதாக இருக்கிறவரைக்கும். ஒரு மிக்ஸினுக்குள் ஒரே ஒரு திறமைதான் இருக்க வேண்டும். அது தன்னைச் சேர்த்துக்கொள்கிற கிளாஸிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதை ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும். அந்த ஒரு வரி இரண்டாகி, மூன்றாகி நீளத் தொடங்கினால் உன் சீனியர் சொல்வதுதான் சரி.

இனி உன் கோடுக்கே வருகிறேன்.

கிளாஸ்களுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறாய். 2008 இறுதியில் வந்த பைத்தான் 3 முதலே அதற்குத் தடை இல்லை என்றாலும் செய்பவர்கள் குறைவு. இலைவரவு, முன்பணம், உரக்கடன், பட்டுவாடா, தூள்சரக்கு என்று படித்துக்கொண்டே போனபோது தொழிற்சாலை ஆபீசில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. இந்த ஐந்துக்கும் மேலே அடிப்படைப்பதிவு என்று ஒரு தாய் கிளாஸ். யார் எப்போது பதிந்தார்கள் என்ற தடம், மாதம் முடிந்தபின் திருத்த விடாத பூட்டு, ரசீது அச்சு, விவசாயிக்கு எஸ்எம்எஸ், எக்செலுக்கு ஏற்றுமதி, எடைக் கழிவு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன.

அதன் விளைவைப் பார். தூள்சரக்கு என்பது தொழிற்சாலையில் அரைத்து முடித்து ஏலத்துக்குப் போகிற தூள். அதற்கு விவசாயி கிடையாது. ஆனாலும் தாயிடமிருந்து எஸ்எம்எஸ் மெத்தட் வந்துவிட்டதால், அதை மறுபடி எழுதி உள்ளே 'பாஸ்' என்று ஒரு வார்த்தையைப் போட்டு அடக்கியிருக்கிறாய். முன்பணத்தில் எடைக் கழிவு மெத்தட் பூஜ்யம் திருப்பித் தருகிறது. பட்டுவாடாவிலும் அப்படியே. இப்படி வாயடைத்த மெத்தட்கள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் இன்ஹெரிட்டன்ஸ் தவறான வேலைக்குப் பயன்பட்டிருக்கிறது என்று அர்த்தம். தூள்சரக்கு ஒரு அடிப்படைப்பதிவு என்று நீ எழுதினால், அடிப்படைப்பதிவு செய்வதையெல்லாம் அதுவும் செய்யும் என்று நம்பித்தான் மற்ற கோட் அதைக் கூப்பிடும். எஸ்எம்எஸ் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளும், ஆனால் போயிருக்காது. பிழைச் செய்தியும் வராது.

தாய் கிளாஸே வேண்டாம் என்று ஐந்திலும் அதே பூட்டு கோடை நகல் எடுத்து ஒட்டலாம். அதன் முடிவு உனக்கே தெரியும். விதி மாறுகிற நாளில் நாலு இடத்தில் திருத்துவோம், ஐந்தாவது மறந்துபோகும்.

இந்த இடத்தில்தான் மிக்ஸின் வருகிறது. தனியாக நின்று எதையும் குறிக்காத, இன்னொரு கிளாஸோடு சேர்ந்தால் மட்டுமே பொருள் தருகிற சின்ன கிளாஸ் அது. 'பூட்டு' என்று ஒரு ஆப்ஜெக்ட்டை யாரும் உருவாக்கப் போவதில்லை. இலைவரவு பூட்டத் தெரிந்த ஒரு பதிவு, பட்டுவாடாவும் பூட்டத் தெரிந்த ஒரு பதிவு. இரண்டுக்கும் வேறு உறவு தேவையில்லை. வகைக்கு ஒரு தாய், திறமைக்கு மிக்ஸின் என்று பிரித்துக்கொண்டால் உன் 'பாஸ்' வரிகள் எல்லாம் தானாக மறைந்துவிடும்.

மிகச் சுத்தமான உதாரணம் வேண்டுமென்றால் ரூபியின் கம்பேரபிள் மாட்யூலைப் பார். உன் கிளாஸில் இரண்டு ஆப்ஜெக்ட்களில் எது பெரிது என்று சொல்கிற ஒரே ஒரு மெத்தட் எழுதிவிட்டு கம்பேரபிளைச் சேர்த்தால், சிறியது, பெரியது, சமம், இரண்டுக்கும் இடையில் உள்ளதா என்ற கேள்விகள் அத்தனைக்கும் பதில் இலவசமாக வந்துவிடும். பைத்தானின் கலெக்‌ஷன்ஸ் ஏபிசிக்கும் இதே குணம்தான். மியூட்டபிள் மேப்பிங்கைச் சேர்த்துக்கொண்டு எடு, வை, நீக்கு, ஒவ்வொன்றாகச் சுற்று, எண்ணிக்கை சொல் என்று ஐந்து மெத்தட் மட்டும் எழுதினால் கெட், பாப், அப்டேட், கீஸ், ஐட்டம்ஸ் என்று பட்டியலாக மற்றவை கிடைக்கும். பைத்தானின் ஆவணத்திலேயே அந்த அட்டவணையில் 'மிக்ஸின் மெத்தட்கள்' என்று ஒரு பத்தி போட்டிருப்பார்கள். அங்கே கேட்பது கொஞ்சம், கொடுப்பது நிறைய. நல்ல மிக்ஸினை நான் அடையாளம் காண்பது அந்த விகிதத்தை வைத்துத்தான்.

இன்னொன்றையும் திறந்து பார்த்துவிடு. பைத்தான் 3.7-இல் திரெடிங் ஹெச்டிடிபி சர்வர் என்று ஒரு கிளாஸ் வந்தது. ஒரே நேரத்தில் பலர் கேட்டால் ஒவ்வொருவருக்கும் தனி திரெட் ஒதுக்கிப் பதில் சொல்கிற வெப் சர்வர். இத்தனை பெரிய வேலைக்கு அந்தக் கிளாஸின் உடலில் எத்தனை வரி என்று பார். ஒரே வரி. தலைப்பில் திரெடிங் மிக்ஸின், அதற்குப் பக்கத்தில் ஹெச்டிடிபி சர்வர், அவ்வளவுதான். மிக்ஸின் செய்வதெல்லாம் 'வந்த கோரிக்கையைக் கவனி' என்ற ஒரு மெத்தடைத் தன் பக்கம் பிடித்துக்கொண்டு, அதைப் புது திரெட்டில் ஓட விடுவது. கோரிக்கை யுடிபியா, டிசிபியா, ஹெச்டிடிபியா என்று அதற்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. பல காலத்துக்கு முன் எழுதிய அந்தச் சில வரிகள் இத்தனை விதமான சர்வர்களுக்குப் பயன்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

மிக்ஸின் கேட்கிற அந்த ஒரு தேவை எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஊர் மலை ரயிலைச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த எஞ்சினைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சாதாரண மீட்டர் கேஜ் பாதை. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் சில இடங்களில் 12-க்கு 1 வரை போகும். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதற்காக இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டையைப் பதித்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த எக்ஸ் வகை நீராவி எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். உயர் அழுத்த ஜோடி எப்போதும்போல ஓட்டுச் சக்கரங்களைச் சுழற்றும். பல் பட்டை தொடங்குகிற இடத்தில், அந்த ஜோடியிலிருந்து வெளிவரும் நீராவியை வாங்கிக்கொண்டு தாழ் அழுத்த ஜோடி பற்சக்கரங்களைச் சுழற்றத் தொடங்கும். குன்னூரோடு பட்டை முடிந்துவிடுகிறது. அதற்குப்பிறகு வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஊட்டி வரை ஏற்றம் இருந்தாலும் சாதாரண சக்கரத்தோடு டீசல் எஞ்சினே போதும்.

அந்த எஞ்சின் எஞ்சினாகவே இருக்கிறது, ஏறுகிற திறமை அதோடு சேர்ந்திருக்கிறது. பாதையிடம் அது கேட்பது ஒன்றே ஒன்று, நடுவில் ஒரு பல் பட்டை. பட்டை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பட்டை இல்லாத இடத்தில் பற்சக்கரம் மற்ற சக்கரங்களைத் தொந்தரவு செய்வதில்லை. உன் பூட்டு மிக்ஸினும் அப்படித்தான் இருக்க வேண்டும். அது கேட்பது ஒன்றுதான்: இந்தப் பதிவு எந்தத் தேதிக் கணக்கில் சேர்கிறது? இலைவரவுக்கு அது எடை போட்ட தேதி. பட்டுவாடாவுக்கு எந்த மாதத்துக்கான பணமோ அந்த மாதத்தின் கடைசித் தேதி, கையில் கொடுத்த தேதி அல்ல. ஆகவே மிக்ஸினுக்குள் 'கணக்குத்தேதி' என்று ஒரு மெத்தட் வைத்து, அதன் உடலில் நாட் இம்ப்ளிமென்டட் எரரை மட்டும் எழுப்பு. சேர்த்துக்கொள்கிற கிளாஸ் பதில் சொல்ல மறந்தால் முதல் சோதனையிலேயே தெரிந்துவிடும். நீ இப்போது எழுதியிருப்பது போல 'வரவுதேதி' என்ற புலம் இருக்கும் என்று ஊகித்துக்கொண்டு உள்ளே நுழைவது, பட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் ஏற்றத்தில் ஏறுவது.

இப்போது உன் கோடில் நான் கண்ட பெரிய பிழை. அது கோடுக்குள் இல்லை, கிளாஸின் தலைப்பு வரியில் இருக்கிறது. சோதனைக்காக ஒரு இடத்தில் மட்டும் மிக்ஸின் போட்டுப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அதில் இலைவரவுக்குத் தாய்களை தடம், பூட்டு, ஜாங்கோ மாடல் என்ற வரிசையில் எழுதியிருக்கிறாய். தடம், பூட்டு இரண்டுமே 'சேவ்' மெத்தடைப் பிடிக்கின்றன. தடம் முதலில் ஓடி, 'இன்னார் இந்த எடையைத் திருத்தினார்' என்று தட அட்டவணையில் எழுதிவிட்டு, சூப்பரைக் கூப்பிடுகிறது. அடுத்து பூட்டு ஓடி, மாதம் முடிந்துவிட்டது என்று பிழை எழுப்புகிறது. விளைவு, எடை மாறவில்லை. ஆனால் மாறியதாகத் தடம் சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்திருந்தால் தடமும் சேர்ந்து அழிந்து நீ தப்பித்திருப்பாய். ஆனால் நீ வைக்கவில்லை, வைத்திருந்தாலும் வரிசை தப்புதான். பூட்டு முன்னால், தடம் பின்னால், மாடல் கடைசியில். பூட்டு அனுமதித்தால்தான் தடத்துக்கே வேலை.

பைத்தானில் சூப்பர் என்பதை 'என் தாய் கிளாஸ்' என்று படித்திருப்பாய். மிக்ஸின் எழுதுகிறவள் அப்படி நினைக்கக் கூடாது. 'வரிசையில் எனக்கு அடுத்து நிற்பவர்' என்றுதான் நினைக்க வேண்டும். பூட்டை எழுதுகிறபோது உனக்கு அடுத்தவர் யார் என்று தெரியாது. தலைப்பு வரியை எழுதுகிறவர்தான் அதைத் தீர்மானிக்கிறார். அந்த வரிசையை எம்ஆர்ஓ என்பார்கள். 2003-இல் வந்த பைத்தான் 2.3 முதல் சி3 என்ற முறைப்படி அது கணக்கிடப்படுகிறது. முதலில் டிலன் என்ற மொழிக்காக உருவான முறை. இடமிருந்து வலம், பிள்ளை தாய்க்கு முன், யாரும் இரண்டு முறை வரக் கூடாது. முரண்பட்ட வரிசை கொடுத்தால் கிளாஸே உருவாகாது, டைப் எரர் வரும். அந்தப் பிழையைப் பார்த்து நீ பயப்படாதே, அது நல்லது. பிழையே வராமல் தவறாக ஓடுகிற வரிசைதான் ஆபத்து.

அதற்கு உதாரணமும் உன்னிடமே இருக்கிறது. ஒரு விவசாயியின் மாதக் கணக்கைக் காட்டுகிற பக்கத்தில் லிஸ்ட் வியூவை முதலிலும், லாகின் ரிக்வயர்டு மிக்ஸினை அதற்குப் பின்னாலும் எழுதியிருக்கிறாய். ஜாங்கோ 1.9-இல், 2015 டிசம்பரில், வந்த மிக்ஸின் இது. இடது ஓரத்தில் வைக்கச் சொல்லி அதன் ஆவணமே சொல்கிறது. ஏன் என்று கேள். லாகின் மிக்ஸின் 'டிஸ்பேட்ச்' மெத்தடைப் பிடித்து, உள்ளே வந்தவர் யார் என்று பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடும். உன் வரிசையில் வியூவின் டிஸ்பேட்ச் முதலில் அகப்படுகிறது. அது சூப்பரைக் கூப்பிடுவதே இல்லை, நேராகப் பக்கத்தைக் கொடுத்துவிடுகிறது. லாகின் மிக்ஸின் கடைசிவரை ஓடாது. பக்கம் அழகாகத் திறக்கும், நீயும் லாகின் செய்துவிட்டுப் பார்த்ததால் வித்தியாசம் தெரிந்திருக்காது. முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும் யாருடைய கணக்கையும், யாருடைய கடனையும் பார்க்கலாம். இதை இன்றைக்கே மாற்று. லாகின் செய்யாமல் அந்தப் பக்கத்தைக் கேட்டால் லாகின் பக்கத்துக்கு அனுப்புகிறதா என்று ஒரு சோதனையும் எழுதிவை.

வரிசைப் பிரச்சினை பைத்தானில் பிறந்தது அல்ல. எம்ஐடியில் லிஸ்ப் எந்திரங்களுக்காக ஹோவர்ட் கேனன் உருவாக்கிய ஃபிளேவர்ஸ் என்ற அமைப்பில்தான் மிக்ஸின்கள் முதலில் வந்தன. ஒரு மெத்தடுக்கு முன்னால் ஓடுவது, பின்னால் ஓடுவது என்று அங்கேயே சின்னத் துண்டுகளை அடுக்கினார்கள். அடுக்குகிறபோதே எது முன், எது பின் என்ற கேள்வியும் வந்துவிட்டது. 1990-இல் கிலாட் பிராச்சாவும் வில்லியம் குக்கும் எழுதிய கட்டுரையை ஒரு நாள் படி. ஸ்மால்டாக், பீட்டா, சிஎல்ஓஎஸ் என்று ஒன்றுக்கொன்று வேறாகத் தெரிந்த மொழிகளின் இன்ஹெரிட்டன்ஸை மிக்ஸின் என்ற ஒரே கருத்தை வைத்து விளக்கியிருப்பார்கள். 2003-இல் வந்த டிரெய்ட்ஸ் கட்டுரை எதிர்ப்பக்கம் நின்று கேட்டது. இரண்டு துண்டுகளில் ஒரே பெயரில் மெத்தட் இருந்தால் வரிசை எதற்காக அமைதியாக முடிவு செய்ய வேண்டும், எழுதுகிறவரே வாய்விட்டுச் சொல்லட்டுமே என்றது. பிஎச்பி 5.4-இன் டிரெய்ட்கள் அந்த வழியில் வந்தவை. பெயர் மோதினால் எது வேண்டும் என்று நீ எழுதியே ஆக வேண்டும். எனக்கு அந்தக் கண்டிப்பு பிடிக்கும். பைத்தானில் அது இல்லாததால் நாம்தான் நமக்குக் கண்டிப்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

பூட்டை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதால் வரும் லாபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பூட்டிய மாதத்து ரசீதைத் திறந்து, எடையை விட்டுவிட்டு, தேதியை மட்டும் திறந்த மாதத்துக்கு மாற்றிச் சேமித்தால் என்ன ஆகும்? உன் பூட்டு புதுத் தேதியை மட்டும் பார்க்கிறது, விட்டுவிடும். டேட்டாபேஸில் ஏற்கெனவே உள்ள தேதியையும் எடுத்துப் பார்க்க வேண்டும். 'டிலீட்' மெத்தடையும் பிடிக்க வேண்டும், திருத்த முடியாததை அழிக்க முடியக் கூடாது அல்லவா. இந்த இரண்டு திருத்தத்தையும் மிக்ஸினில் ஒரு முறை செய்தால் ஐந்து கிளாஸும் ஒரே நாளில் பாதுகாப்பாகிவிடும். வரிகள் குறைவதைவிட இதுதான் மறுபயன்பாட்டின் உண்மையான பலன் என்பது என் கருத்து.

ஆனால் அதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஜாங்கோவில் குவெரிசெட்டின் 'அப்டேட்' நேராக டேட்டாபேஸுக்குப் போய்விடும், ஒவ்வொரு பதிவின் 'சேவ்' மெத்தடையும் கூப்பிடாது. பல்க் கிரியேட்டும் அப்படியே, குவெரிசெட்டில் மொத்தமாக அழிப்பதும் அப்படியே. உன் எக்செல் இறக்குமதி பல்க் கிரியேட்டைத்தான் பயன்படுத்துகிறது. அந்த வழியாக வருகிறவர்களுக்குப் பூட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது. பணம் சம்பந்தப்பட்ட விதியை மிக்ஸினை மட்டும் நம்பி விடாதே. டேட்டாபேஸிலும் ஒரு டிரிக்கர் வை. மிக்ஸின் பயனருக்கு நல்ல தமிழில் காரணம் சொல்லட்டும். டிரிக்கர் கடைசிக் கதவாக இருக்கட்டும்.

இனி எதற்கு மிக்ஸின் கூடாது. உன் விலைக் கணக்கை எடுத்துக்கொள். பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதந்தோறும் ஏல விலையை ஒட்டி ஒரு விலை அறிவிக்கிறது. தொழிற்சாலை அதற்கு மேல் இலையின் தரத்தைப் பார்த்துக் கூட்டிக் கொடுக்கலாம். அந்தக் கணக்குக்கு மாத வாரியான விலைப் பட்டியல் வேண்டும், தர வரம்புகள் வேண்டும், நாளைக்கு முறையே மாறலாம். இப்படிச் சொந்தமாகச் சரக்கு வைத்திருக்கிற எதையும் மிக்ஸினாக எழுதாதே. விலைக்கணக்கு என்று தனி கிளாஸ் எழுதி, அதன் ஆப்ஜெக்ட்டைப் பட்டுவாடாவின் கையில் கொடு. உன் சீனியர் சொன்ன காம்பொசிஷன் இதுதான், இங்கே அவர் பேச்சை அப்படியே கேள். எஸ்எம்எஸும் இதே வகை. அனுப்புகிற கம்பெனி மாறும், பாஸ்வேர்டு மாறும், நெட்வொர்க் இல்லாத நேரம் வரும். தனி ஆப்ஜெக்ட்டாக இருந்தால் சோதனையில் பொய்யான ஒன்றை வைத்து ஓட்டலாம், யாருக்கும் நிஜ எஸ்எம்எஸ் போகாது.

வெளியுலகத்தில் இந்தப் பாடத்தை நிறையப் பேர் கஷ்டப்பட்டே கற்றார்கள். ரியாக்ட் குழு 2016-இல் மிக்ஸின்களை விட்டுவிடச் சொல்லி வெளிப்படையாக எழுதியது. கண்ணுக்குத் தெரியாத சார்புகள், பெயர் மோதல், நாளாக நாளாக வீங்குவது என்று அவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாமே உண்மை. வியூ.ஜேஎஸ் 3-உம் மிக்ஸினுக்குப் பதிலாக வேறு வழியைப் பரிந்துரைக்கிறது. திரையில் ஓடுகிற பாகங்களுக்கெல்லாம் சொந்த நிலை அதிகம், அங்கே அந்த முடிவு சரி. கம்பேரபிளுக்கு அது பொருந்தாது. அதே நேரம் கூகுளின் டார்ட் மொழி மிக்ஸினுக்கென்றே ஒரு சொல்லை வைத்திருக்கிறது. ஃப்ளட்டரில் அனிமேஷன் எழுதுகிற பலரும் ஒரு மிக்ஸினைச் சேர்த்துத்தான் தொடங்குகிறார்கள்.

நம் நாட்டுக் கோட் ஒன்றையும் படி. மும்பையில் ருஷப் மேத்தா தொடங்கிய ஈஆர்பிநெக்ஸ்ட் திறந்த மூல மென்பொருள், பைத்தானில் எழுதியது, உன் புராஜெக்ட்டுக்கு நேர் அண்ணன். அதில் சேல்ஸ் இன்வாய்ஸ் கிளாஸைத் திறந்து மேலே ஏறிப் போ. செல்லிங் கன்ட்ரோலர், ஸ்டாக் கன்ட்ரோலர், அக்கவுண்ட்ஸ் கன்ட்ரோலர், டிரான்ஸாக்‌ஷன் பேஸ், ஸ்டேட்டஸ் அப்டேட்டர், டாக்குமென்ட் என்று மாடி மாடியாகப் போகும். கணக்குத் துறையில் இதற்கு நியாயம் இருக்கிறது, சரக்கு விற்றால் இருப்பும் கணக்கும் சேர்ந்தே அசையும். ஆனால் சரக்கே இல்லாத சேவைக்கான இன்வாய்ஸும் ஸ்டாக் கன்ட்ரோலர் வழியாகத்தான் ஏற வேண்டும். ஒரு மெத்தட் எந்த மாடியில் இருக்கிறது என்று தேடிப் பார், நேரான கோபுரத்தின் விலை புரியும். அதே மென்பொருள் பயன்படுத்துகிற நெஸ்டட் செட் என்று ஒன்று உண்டு. அக்கவுண்ட், வேர்ஹவுஸ், காஸ்ட் சென்டர் என்று தம்முள் சம்பந்தமில்லாத கிளாஸ்கள், மரமாகக் கிளைவிடுகிற திறமையை அதனிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன. 'உன் பெற்றோர் எந்தப் புலத்தில் இருக்கிறார்?' என்று அந்தக் கிளாஸ்களிடம் அது ஒரு வரி கேட்கும். இலக்கணப்படி அது டாக்குமென்ட்டின் பிள்ளை, சுத்த மிக்ஸின் அல்ல. வேலையைப் பார்த்தால் மிக்ஸினேதான். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் என் கடிதத்தைவிட அதிகம் கற்றுக்கொள்வாய்.

வேலைக்குப் போகிற இடத்தில் ரூபி ஆன் ரெயில்ஸ் கிடைத்தாலும் கிடைக்கும். சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃபிரெஷ்டெஸ்க் ரெயில்ஸில் எழுதியதுதான். ரெயில்ஸ் 4 முதல் கன்சர்ன்ஸ் என்ற ஃபோல்டர் தயாராகவே வரும், மிக்ஸின்களை வைப்பதற்கென்றே. அதைப் பார்த்ததும் நீளமான கிளாஸை வெட்டி வெட்டி அதில் போடத் தோன்றும். ஒரே ஒரு கிளாஸ் மட்டும் பயன்படுத்துகிற மிக்ஸினால் மறுபயன்பாடு ஒன்றும் இல்லை. பழைய நீளம் பல கோப்புகளில் பரவிக் கிடக்கும், படிக்கிறவருக்குக் கூடுதல் அலைச்சல். இரண்டு இடத்தில் ஒரே கோட் வந்தால் பொறுத்துக்கொள், மூன்றாவது இடம் வரும்போது மிக்ஸினாக்கு என்பது என் பழக்கம். மூன்றாவது வருவதற்குள் உண்மையில் எது பொது, எது தற்செயல் என்று தெரிந்துவிடும்.

சோதனைகளுக்கும் மிக்ஸினைப் பயன்படுத்து. 'பூட்டிய மாதத்தில் திருத்த முடியாது', 'அழிக்க முடியாது', 'தேதியை மாற்றித் தப்ப முடியாது' என்ற சோதனைகளை ஒரு கிளாஸில் எழுது, ஆனால் அது டெஸ்ட்கேஸின் பிள்ளையாக இருக்க வேண்டாம். இருந்தால் சோதனை ஓட்டி அதைத் தனியாகவும் ஓட்டப் பார்த்துத் தோற்கும். பிறகு இலைவரவுக்கு ஒன்று, முன்பணத்துக்கு ஒன்று என்று அதையும் டெஸ்ட்கேஸையும் சேர்த்து இரண்டு வரிக் கிளாஸ்கள் போதும். பைத்தானின் சொந்தச் சோதனைத் தொகுப்பிலேயே இந்த உத்தியைப் பார்க்கலாம்.

பெயர்களில் ஒரு சின்ன மாற்றம். தடம், பூட்டு என்று மட்டும் வைக்காமல் பின்னால் மிக்ஸின் என்று சேர்த்துவிடு. தலைப்பு வரியைப் படிக்கிறவருக்கு எது வகை, எது திறமை என்று உடனே தெரியட்டும். மிக்ஸினுக்குள் உள்ளூர உபயோகிக்கிற மெத்தட்களுக்கும் 'பூட்டு_' என்று முன்னொட்டுக் கொடு. 'சரிபார்' என்று பொதுப் பெயர் வைத்திருக்கிறாய். ரசீதிலும் ஒரு 'சரிபார்' இருக்கிறது, ஒன்று மற்றதை மறைத்துவிடும்.

ஆகவே முதலில் லாகின் வரிசை, அதைத் தள்ளிப்போடாதே. அப்புறம் அடிப்படைப்பதிவிலிருந்து பூட்டையும் தடத்தையும் பிரி. எஸ்எம்எஸையும் விலையையும் தனி ஆப்ஜெக்ட்டாக்கு. எடைக் கழிவை இலைவரவுக்குள்ளேயே வைத்துவிடு, அது வேறு யாருக்கும் வேண்டாம். ரசீதை மட்டும் இப்போதைக்குத் தொடாதே. ஏப்ரல், மே மாதத்தில் இலை வரத்து கூடும்போது எடை போடுகிற இடத்தில் நிற்கவே இடமிருக்காது. அந்த நெருக்கடியில் ஒருவர் கையில் வாங்குகிற சீட்டில் மொத்த எடை முதலில் வர வேண்டுமா, கழிவு போக நிகர எடை முதலில் வர வேண்டுமா என்பதை நீயும் நானும் இங்கே உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. லீவுக்கு வா, இரண்டு பேரும் போய் அவர்களிடமே கேட்போம். அதற்குப் பிறகு ரசீது மிக்ஸினை எழுது. அப்பாவிடம் சொல்லிவிட்டு ஸ்வெட்டரும் எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் அத்தை